டேப்லெட் ஸ்பீக்கரின் சத்தம் எத்தனை டெசிபல் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராதா?

எந்த டேப்லெட்டில் ஸ்பீக்கர் சத்தம் அதிகம் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஓர் ஒப்பீட்டு வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இரண்டு டேப்லெட்டுகளையும் மேசையில் வைக்கிறார். முதலாவதில் ஒரு பாட்டு. "செம சத்தம்ல?" என்கிறார். அடுத்ததில் வேறொரு பாட்டு! ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு அளவில் பதிவானது, இதில் எதை எதோடு ஒப்பிடுவது? வால்யூம் முழுதாக வைத்திருக்கிறாரா என்று காட்டவே இல்லை. அப்புறம் ஒன்றை மட்டும் கையில் எடுத்து கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறார். மற்றது மேசையிலேயே கிடக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானாலே 6 டெசிபல் குறையும் ஐயா! இதற்கெல்லாம் மேலே, பதிவு செய்தது கேமராவின் மைக்கில். பெரும்பாலும் அந்த மைக் சின்னச் சத்தத்தைத் தானாகவே தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். நான் எந்த வித்தியாசத்தைத் தேடி வந்தேனோ அதையே அழித்துவிடும். மிச்சத்தை நான் என் ஃபோனின் குட்டி ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்ய வேண்டுமாம். கடைசியில் தீர்ப்பு: "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு, உங்க இஷ்டம்."

என் இஷ்டத்தைக் கேட்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்?

தயாரிப்பாளர்கள் மட்டும் யோக்கியமா? எடையை கிராமில் போடுகிறார்கள், தடிமனை மில்லிமீட்டரில் புள்ளி வைத்துப் போடுகிறார்கள், திரை வெளிச்சத்துக்கு நிட்ஸ். ஸ்பீக்கருக்கு வந்தால் எண்ணிக்கை மட்டும்தான்! ஐபேட் புரோவில் 2015இலேயே நான்கு. 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் இரண்டு, இரண்டும் ஒரே முனையில். படுக்கைவாட்டில் படம் பார்த்தால் சத்தமெல்லாம் ஒரு பக்கமே வரும். சரி, இரண்டு நான்கானால் சத்தம் இரட்டிப்பாகுமா? ஆகாது. காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், எண்ணிக்கையை இரட்டித்தால் மட்டும் அவ்வளவு ஏறாது. டால்பி அட்மாஸ் முத்திரையும் ஒலி சுற்றிலும் வருவதுபோல் தோன்றச் செய்யும் முறைக்கானது, சத்தத்தின் அளவுக்கானது அல்ல. பேச்சு தெளிவாகக் கேட்குமா, முழு வால்யூமில் கரகரக்குமா, அதுதானே எனக்கு வேண்டும்?

ஒரே பாட்டு, ஒரே தூரம், ஒரு டெசிபல் மீட்டர். இவ்வளவுதான் கேட்கிறேன்.

இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள் என்று உடனே யாராவது வருவார்கள். எங்கே மாட்டுவது? ஐபேட் புரோவில் 2018இல் அந்தத் துளையை எடுத்தார்கள், கேலக்ஸி டேப் எஸ்6இல் 2019இல் அதுவும் போனது, 2022இல் சாதாரண ஐபேடிலும் எடுத்துவிட்டார்கள். ப்ளூடூத் என்றால் அதற்கும் தனியாக சார்ஜ் ஏற்ற வேண்டும். சார்ஜரையாவது பெட்டிக்குள் வைக்கிறார்களா? பல மாடல்களில் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்!