சிகிஷ்வாராவில் "வீணாப்போன" ஒரு நாள்

அந்த ரீலைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தேன். பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு நான் இணைப்புத் தரப்போவதில்லை, அதற்கு இன்னும் ஆள் சேர்த்துக் கொடுக்க எனக்கென்ன வேண்டுதலா? ஆனால் "என்ன, ருமேனியாவில் ஏதோ சண்டையாமே" என்று உள்பெட்டியில் விசாரிப்பு நின்றபாடில்லை. சரி, சொல்லிவிடுகிறேன்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. கூட வந்த தம்பி ஒருவருக்கு, ருமேனியாவில் மதில் சூழ்ந்த பழைய ஊரான சிகிஷ்வாராவில் முழுதாக ஒரு நாள் இருந்தது பொறுக்கவில்லை. "மூணு கோட்டை பார்த்திருக்கலாம், ஒரு சின்ன ஊர்ல உட்கார்ந்தே ஒரு நாள் வீணாப்போச்சு" என்று ரீல் போட்டுவிட்டார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். இருக்கட்டும். ரீலின் கடைசி சில நொடிகளைப் பற்றி அப்புறம் வருகிறேன், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த நாளை நான் யார் தலையிலும் கட்டவில்லை. புறப்படுவதற்கு வெகு முன்பே வாட்சப் குழுவில் போட்டிருந்தேன். இரவு பிரஷோவில் தங்கல், காலையில் வேனில் சிகிஷ்வாரா, அன்றைக்கு அங்கேயே இருப்பு. எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். தம்பியும்தான். இப்போது என்னடாவென்றால் "அவங்க வச்சதுதான் சட்டம்" என்றாகிவிட்டது.

சின்ன ஊர்தான், இல்லை என்று சொல்லவில்லை. மேட்டின் மேல் மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரை வேகமாகச் சுற்றி வர அரை மணி நேரம் போதும். அதைத்தான் தம்பி செய்தார். மணிக்கூண்டின் முன்னால் ஒரு படம், மஞ்சள் வீட்டின் முன்னால் ஒரு படம், சதுக்கத்தில் ஒரு காப்பி, "அடுத்து?" அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சுற்றி வந்ததெல்லாம் பார்த்ததாகிவிடுமா? ஒரு ஊரைப் பார்க்க ஒரு நாளாவது வேண்டும். இதைச் சொன்னால் என்னைச் சோம்பேறி என்கிறார்கள்.

மணிக்கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 64 மீட்டர் உயரம். 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது, 1676இல் ஊரில் பிடித்த தீயில் கூரை போய், பிறகு இப்போது நாம் பார்க்கும் கூர்க்கூரையை வைத்தார்கள். உள்ளே 1899இலிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது. மாடி மாடியாக ஏறிப் போனால் கடிகார இயந்திரத்தையும் மரப்பொம்மைகளையும் பக்கத்திலேயே பார்க்கலாம். அந்தப் பொம்மைகளில் கிழமைக்கு ஒன்றாக ஏழு தெய்வங்கள். திங்களுக்கு நிலவு, அடுத்த நாளுக்குச் செவ்வாய், அதற்கடுத்து புதன், வியாழன் என்று நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே வரிசை. நள்ளிரவில் ஒரு பொம்மை உள்ளே போய் அடுத்தது வரும். என் அக்கா அங்கேயே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "சனி வரைக்கும் சரியா இருக்கு கண்ணு" என்று சந்தோஷப்பட்டார். அந்த நேரத்தில் தம்பி கீழே நின்றுகொண்டு "மேலே ஏறி என்ன பார்க்கப் போறீங்க?" என்று கேட்டார்.

மேலே ஏறினால் ஊர் தெரியும், தம்பி. அதைத்தான் பார்க்க வந்தோம்.

மதிலைச் சுற்றி ஒரு காலத்தில் பதினான்கு கோபுரங்கள் இருந்தன. ஒன்பது இன்றைக்கும் நிற்கின்றன. தையற்காரர், செருப்புத் தைப்பவர், கசாப்புக்காரர், தோல் பதனிடுபவர் என்று ஒவ்வொரு தொழில்காரரும் தங்கள் பங்குக்கு ஒரு கோபுரத்தைப் பொறுப்பேற்றுக் காவல் காத்த ஊர் அது. தகரவேலைக்காரர் கோபுரத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். அடியில் சதுரம், மேலே போகப் போக ஐங்கோணம், எண்கோணம், கூரை அறுகோணம். கட்டியவருக்கு என்ன தோன்றியதோ! கயிறு திரிப்பவர்கள் கோபுரத்தில் இப்போதும் ஆள் குடியிருக்கிறார், பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டத்தின் காவலாளி. ரீலில் இதில் ஏதாவது ஒன்று உண்டா? மஞ்சள் வீடு மட்டும் பலமுறை வருகிறது. பின்னணியில் ஓநாய் ஊளை வேறு.

அந்த மஞ்சள் வீட்டுக் கதையையும் பேசிவிடலாம். விளாத் திராகுல் என்பவர் 1431இலிருந்து 1435 வரை அங்கே இருந்தார், அவர் மகன் விளாத் செபெஷ் அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த மகன்தான் பிற்பாடு, இன்றைய ருமேனியாவின் தெற்கே இருந்த வலாக்கியாவின் அரசராகி, எதிரிகளைக் கழுவேற்றியதற்குப் பேர்போனவர். ரத்தம் குடிக்கும் டிராகுலா அவர் இல்லை. அது 1897இல் வெளிவந்த ஒரு நாவலின் பாத்திரம், எழுதிய ஐரிஷ்காரர் ருமேனியாவுக்கு வந்ததே கிடையாது. இன்றைக்கு அந்த வீட்டில் உணவகம் நடக்கிறது. தம்பி "டிராகுலா பிறந்த வீடு, பத்தே நிமிஷத்துல முடிச்சாச்சு" என்கிறார். பத்து நிமிடத்தில் முடிக்கத்தான் முடியும், அதில் இருப்பது அவ்வளவுதான்.

2001இல் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய டிராகுலா கேளிக்கைப் பூங்கா கட்டப்போவதாக ருமேனிய அரசு அறிவித்தது. பல நூறு வருட ஓக் மரங்கள் நிற்கும் பிரெய்த்தே மேட்டுச் சமவெளியில். ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர், சுற்றுச்சூழல்காரர்கள், தேவாலயத்தார் என்று எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய பிரிட்டன் இளவரசர் சார்லஸ் வரைக்கும் குரல் கொடுத்தார். கடைசியில் அந்தத் திட்டம் அங்கே வரவேயில்லை, மரங்கள் தப்பின. ஓநாய் ஊளையும் பிளாஸ்டிக் பல்லும் வேண்டாம் என்று இவ்வளவு பேர் மல்லுக்கு நின்ற ஊரைப் பற்றி ரீல் போடும்போது ஓநாய் ஊளையைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

இந்த ஊரைக் கட்டியது சாக்சன்கள். 12ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசர் கூப்பிட்டுக் குடியேறிய ஜெர்மன் மொழிக்காரர்கள். அவர்களுக்கு இது ஷேஸ்புர்க், ஹங்கேரியர்களுக்கு ஷெகெஷ்வார். 1849 ஜூலை 31 அன்று பக்கத்தில் நடந்த சண்டையில்தான் ஹங்கேரியக் கவிஞர் ஷாந்தோர் பெத்தோஃபி காணாமல் போனார், உடல்கூடக் கிடைக்கவில்லை. இப்போது சாக்சன்கள் இங்கே மிகச் சிலரே. கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு ருமேனியாவை ஆண்ட காலத்தில் மேற்கு ஜெர்மனி அவர் அரசுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து அவர்களை அழைத்துக்கொண்டது. அப்படி ருமேனியாவை விட்டுப் போன ஜெர்மன் வம்சத்தவர் இரண்டு லட்சத்துக்கும் மேல். 1989இல் ஆட்சி கவிழ்ந்து எல்லை திறந்ததும், அடுத்த ஒரே வருடத்தில் இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் போனார்கள். எண்ணூறு வருடம் இருந்த இடத்தை விட்டு. மேலே மலைக்கோவிலை (குன்றின் மேல் இருக்கும் தேவாலயம்) ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் கல்லுக்குக் கல் ஜெர்மன் பெயர்கள். நாங்கள் அங்கே வெகு நேரம் இருந்தோம். அதைத்தான் ரீலில் "சுடுகாட்டுல பிக்னிக்" என்று போட்டிருக்கிறார்.

இப்போது என்னிடம் வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

"விசா, டிக்கெட், விடுமுறை எல்லாம் செலவு பண்ணிப் போறோம், நாலு இடம் பார்த்தாதானே கட்டும்?" நாலு இடத்தில் வேனைவிட்டு இறங்கி ஏறுவதற்கும் அதே செலவுதான். மேற்கொண்டு டீசல். அவ்வளவுதான் என் பதில்.

"பிள்ளைகளுக்குப் போரடிக்கும்." எங்களோடு வந்த பிள்ளைகள் மதில் ஓரமாக ஓடி விளையாடினார்கள், மணிக்கூண்டின் உச்சியில் உலக நகரங்களின் திசையும் தூரமும் பொறித்த தகடுகளைப் படித்தார்கள். போரடித்தது பெரியவர்களுக்கு.

"சாப்பாடு கிடைக்கலையாமே." யார் சொன்னது? ருமேனியாவில் விரத நாட்களுக்கென்று இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லாத சமையல் தனியாக உண்டு. "தெ போஸ்த்" என்று கேட்டால் பல உணவகங்களில் எடுத்துக் கொடுப்பார்கள். மசித்த பீன்ஸ் மேல் வதக்கிய வெங்காயம், கூடவே சுட்ட கத்திரிக்காயும் குடைமிளகாயும் சேர்த்து வதக்கிய ஸக்குஸ்கா, சோளமாவில் கிண்டிய மாமாலிகா. சைவம் மட்டுமே சாப்பிடும் என் அக்கா வயிறாரச் சாப்பிட்டார். அவருக்குக் கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லையாம்.

"குழுவாப் போனா மெஜாரிட்டி சொல்றதைக் கேக்கணும்." இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைச் சொன்னவர்கள் நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். வேன் நாள் முழுக்க எங்கள் வசம்தான் இருந்தது. மத்தியானமே நான் சொன்னேன், இருக்க விரும்புகிறவர்கள் இருப்போம், மற்றவர்கள் பியெர்த்தான் போய் வாருங்கள் என்று. முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அரண் சூழ்ந்த பெரிய தேவாலயம், யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அங்கே ஒரு கதவில் ஒரே சாவிக்குப் பல தாழ்கள் ஒன்றாக நகரும் பூட்டு இருக்கிறது, 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கே போய்வந்தது. இவ்வளவும் சொன்னேன். யார் போனது? ஒருவரும் போகவில்லை. காப்பிக் கடையில் வைஃபை நன்றாக இருந்ததாம், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ரீலை வெட்டி ஒட்டியதும் அங்கே உட்கார்ந்துதான். மூன்று கோட்டைக்குப் போகத் துடித்த கால்களால் முப்பது கிலோமீட்டர் வேனில் போக முடியவில்லை, அதற்கு மெஜாரிட்டியாம்!

மெதுவாகப் போவது எனக்கு மட்டும் பிடித்த ஆடம்பரம் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் அக்காவுக்கு மூட்டுவலி. ஈரோட்டில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மெதுவாகப் போவது ஆடம்பரம் இல்லை, அவர் நடையே அவ்வளவுதான். கல் பாவிய அந்தச் சரிவுத் தெருக்களில் அவரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டுமா? இல்லை, வேனிலேயே உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டுமா? அப்படிப் பல சுற்றுலாக்களில் வயதானவர்கள் வேனுக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் "அம்மா ரெஸ்ட் எடுக்கறாங்க" என்பார்கள்.

மலைக்கோவிலுக்கும் அதன் பக்கத்திலிருக்கும் பள்ளிக்கும் போக மரக்கூரை போட்ட படிக்கட்டு ஒன்று இருக்கிறது. 1642இல் கட்டியது. பனிக்காலத்தில் பள்ளிப்பிள்ளைகள் நனையாமல், வழுக்கி விழாமல் ஏறிப் போக வேண்டும் என்று ஊரே சேர்ந்து கூரை போட்டிருக்கிறது. ஏறத்தாழ 175 படிகள். மேலே அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா, "அந்தப் படியில நான் ஏறியே ஆகணும்" என்றார். ஏறினார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பிடித்து, நடுவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, திரும்ப எழுந்து, மேலே வரைக்கும். தன் பள்ளிக்கூடத்தில் மழை பெய்தால் பிள்ளைகளை எந்தத் தாழ்வாரத்தில் ஒதுக்கி நிறுத்துவார் என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினார். அன்றைக்கு எங்கள் குழுவில் அவரைவிட அந்த ஊரைப் பார்த்தவர் யாரும் இல்லை. காலை பதினோரு மணிக்கே "அடுத்து?" என்று கேட்டவர் நிச்சயமாக இல்லை.

ரீலின் கடைசி நொடிகள் அங்கே எடுத்ததுதான். அக்கா படியில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். அதற்குக் குறட்டைச் சத்தம். "எங்கள் டூர் கைடு" என்று எழுத்து. அதற்குத்தான் அத்தனை சிரிப்புப் பொம்மைகளும்.

"சும்மா ஜாலிக்குப் போட்டது, இதைப் போய்ப் பெருசு பண்றீங்களே" என்று சொல்லப்போகிறவர்களுக்கு: உங்கள் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யாராவது குறட்டைச் சத்தத்தோடு போட்டால், நீங்களும் ஜாலியாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. அந்த ரீலை ஊரில் யாரோ அக்காவிடமே காட்டியிருக்கிறார்கள். போனில் என்னிடம், "நான் தூங்கலையே கண்ணு, மூச்சுதானே வாங்கிட்டிருந்தேன். எல்லாருக்கும் லேட் பண்ணிட்டேனா?" என்று கேட்டார். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பைத் தனியாளாகச் சமாளித்தவர், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் கேட்கிறார்.

தம்பி, ஒரு நாள் வீணானது என்று நீ சொல்வதைச் சொல்லிக்கொள். ஓநாய் ஊளையும் இருக்கட்டும். என்னைப் பற்றி எழுதியதும் அப்படியே கிடக்கட்டும். அக்கா வருகிற அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடு. எடுக்கும்போதும் நீ அவரைக் கேட்கவில்லை, போடும்போதும் கேட்கவில்லை. தனியாகச் செய்தி அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். அதை நீக்கும்வரை அடுத்த பயணத்துக்கு என்னை எந்தக் குழுவிலும் சேர்க்க வேண்டாம். வேன் செலவில் என் பங்கைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயே, அதையும் கையோடு அனுப்பிவிடு.