அந்த வாழைப்பழ வீடியோவை அனுப்பியவர்களுக்கு

இன்று காலை வரை பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். வடக்கே இருந்து வந்த தள்ளுவண்டிக்காரப் பையன் "வாலப்பலம் நல்லா இருக்குண்ணா" என்கிறான். படம் எடுப்பவர் அதையே நான்கு முறை சொல்ல வைக்கிறார். நான்காவது முறை அவன் குரல் இறங்கிப்போய், சீப்பைக் கையில் தூக்கிக் காட்டுகிறான். அந்த இடத்தை யாராவது கவனித்தீர்களா?

அவன் சொன்னது புரியாமல் யாரும் சிரிக்கவில்லை. புரிந்துதான் சிரித்தீர்கள். உச்சரிப்பு மாறுவது வேறு, புரியாமல் போவது வேறு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

"தமிழ்நாட்டுக்கு வந்தா தமிழ் கத்துக்கணும்ல?" என்று கேட்பீர்கள். கற்றுக்கொண்டுதானே பேசினான்? அதற்குத்தானே இந்த அடி?

"ழகரம் நம் அடையாளம்" என்பீர்கள். சரி. தெற்கே பல ஊர்களில் வாளப்பளம்தான், பழைய மெட்ராஸில் வாயப்பயம். என் பாட்டி கடைசி வரை வாளப்பளம் என்றுதான் சொன்னாள். அவளை யாரும் படம் பிடிக்கவில்லை.

அப்புறம் நம் காதைப் பற்றியும் பேச வேண்டும். இந்தியில் பழத்துக்கு ஒரு சொல், வலிமைக்கு ஒரு சொல், கணத்துக்கு ஒரு சொல். மூன்றையும் தமிழில் எழுதினால் 'பல்' என்றுதான் வரும். பழகாத நம் காதுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். இது யாருடைய குற்றமும் இல்லை. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் த, ட இரண்டையும் பிரித்துக் கேட்டன. 10–12 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. நடக்கப் பழகும் முன்பே காது தாய்மொழிக்குப் பழகிவிடுகிறது. ஆனால் பழியெல்லாம் பேசுகிறவன் நாக்குக்கு மட்டும்.

எனக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், நான் அந்தப் பக்கம் நின்றிருக்கிறேன். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஏற்றுமதி ஆர்டர்களைப் பார்த்துக்கொள்பவனாக இருந்தபோது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரரிடம் ஃபோனில், வெள்ளிக்கிழமை சரக்கை 'பேக்' (pack) செய்துவிடுவோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வெள்ளிக்கிழமை திரும்பி வருவதாக (back) அவர் காதில் விழுந்தது. "எங்கே போகிறீர்கள்?" என்றார். ஸ்பீக்கரில் இருந்ததால் அறை முழுக்கச் சிரித்தது. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் அந்த p ஓசை ஒரு காற்றோடு வெளியே வரும், வாய்க்கு முன் உள்ளங்கையை வைத்தால் தெரியும். நம் பகரத்தில் அந்தக் காற்று கிடையாது. காற்று இல்லையென்றால் அவர்கள் காதுக்கு அது வேறு எழுத்து, b. கட்டுவதும் திரும்புவதும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்'தான். இது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை என் நாக்குதான் மட்டம் என்று நம்பி, இரண்டு வருடம் எல்லாவற்றுக்கும் மெயில்தான் போட்டேன். ஃபோன் அடித்தால் வயிற்றைக் கலக்கும்.

"சும்மா சிரிப்புக்கு, இதை ஏன் பெரிசாக்குற?" இதற்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீடியோவின் மேலே 'வடக்கன் தமிழ்' என்று எழுதியிருந்ததே, அதைப் படித்துவிட்டுத்தானே கேட்டீர்கள்? டொனால்ட் ரூபின் என்ற ஆய்வாளர் 1992-இல் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரே குரலில் பதிவான பாடத்தைப் போட்டார். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், சிலருக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு உச்சரிப்பு அந்நியமாகப் பட்டது, பாடமும் குறைவாகவே மனதில் நின்றது. குரல் ஒன்றேதான்! முகத்தைப் பார்த்தே காது முடிவுகட்டிவிடுகிறது. லண்டனிலிருந்து வந்த வெள்ளைக்காரர் "வாலப்பலம்" என்றால் கைதட்டி, "எவ்வளவு அழகா தமிழ் பேசுறார்" என்று பகிர்ந்திருப்பீர்கள். இல்லை என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

நேற்று சாயங்காலம் அந்த வண்டிக்குப் போனேன். அட்டையில் '1 கிலோ 60' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். "எப்படிப்பா இருக்கே?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். ஒரு சீப்பை நிறுத்து, கவரில் போட்டு, எவ்வளவு என்று விரலால் காட்டினான்.