சிபிஏவின் கதையை ஐசையா தாமஸோடு முடித்துவிடாதீர்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களிடம் சிபிஏ என்ற பழைய லீக்கைப் பற்றி வாயெடுத்தால் போதும், "அதைத்தான் ஐசையா தாமஸ் ஊத்தி மூடிட்டாரே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் நட்சத்திரமாக ஆடியவர் தாமஸ், பிறகு சிபிஏவை வாங்கியவர். ரசிகர்கள் சொல்வது பாதி உண்மைதான். மீதியையும் கொஞ்சம் பார்ப்போம்.

கான்டினென்டல் பாஸ்கெட்பால் அசோசியேஷன், என்பிஏவை விடச் சில வாரங்கள் மூத்தது. 1946 ஏப்ரலில் வில்க்ஸ்-பேர், ஹேசல்டன் மாதிரியான பென்சில்வேனியா ஊர்களை வைத்து ஈஸ்டர்ன் லீக்காகத் தொடங்கியது. ஹேசல்டன் அணியில் முதல் சீசனிலேயே கறுப்பின வீரர்கள் ஆடினார்கள். என்பிஏவில் அது நடக்க 1950 ஆனது. தூரத்திலிருந்து கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் கோட்டை இவர்கள் 1964-65இல் போட்டார்கள். என்பிஏ போட்டது 1979இல்.

1978இல் சிபிஏ என்று பெயர் மாறியது. ஜிம் டிரக்கர் கமிஷனராக இருந்தபோது வந்த புள்ளிக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். லீக் அட்டவணையில் ஓர் ஆட்டத்துக்கு ஏழு புள்ளி. ஜெயித்தால் மூன்று, ஒவ்வொரு கால் பகுதியையும் வெல்கிற அணிக்கு ஒன்று. ஆட்டத்தில் இருபது புள்ளி பின்தங்கிய அணியும் கடைசிக் கால் பகுதியில் உயிரைக் கொடுத்து ஆடும், ஏனென்றால் அட்டவணையில் ஏற அந்த ஒரு புள்ளி வேண்டும். ஜெயித்தாயிற்று என்று முன்னணி ஆட்டக்காரர்களை உட்கார வைக்கவும் முடியாது. ஜனவரி மாதத்து என்பிஏ ஆட்டங்களைத் தூக்கக் கலக்கத்தில் பார்க்கும்போதெல்லாம் இதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று தோன்றும்.

ஆட்களை மட்டும் என்பிஏ தாராளமாக எடுத்துக்கொண்டது. பின்னாளில் என்பிஏவில் பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளர் ஃபில் ஜாக்சன் 1984இல் ஆல்பனி பேட்ரூன்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். அதே அணி 1990-91இல் ஜார்ஜ் கார்லின் பயிற்சியில் 50 வெற்றி, 6 தோல்வி. சொந்த மைதானத்தில் 28க்கு 28. அப்படியும் கோப்பை கிடைக்கவில்லை, பாவம். 1994 என்பிஏ இறுதிப் போட்டியைப் பாருங்கள்: நியூயார்க் பக்கம் ஜான் ஸ்டார்க்ஸ், ஆன்டனி மேசன், ஹூஸ்டன் பக்கம் மரியோ எலி. மூவரும் சிபிஏவில் ஆடியவர்கள்.

சரி, தாமஸ். 1999இல் லீக்கையும் அணிகளையும் மொத்தமாகச் சுமார் ஒரு கோடி டாலருக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே என்பிஏ அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கிக்கொள்ள வந்தது, மறுத்தார். அப்புறம் இண்டியானா பேசர்ஸின் பயிற்சியாளராகப் போனார். என்பிஏ பயிற்சியாளர் இன்னொரு லீக்கைக் கையில் வைத்திருக்கக் கூடாது. லீக் அறங்காவலர்கள் கைக்குப் போய், 2001 பிப்ரவரியில் பாதி சீசனில் நின்றது. பேராசை, பொறுப்பின்மை, என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை.

ஆனால் சிபிஏ அதற்கு முன்பே என்பிஏவை அண்டிப் பிழைத்துக்கொண்டிருந்தது. என்பிஏ அணிகள் தற்காலிகமாகத் தரும் பத்து நாள் ஒப்பந்தத்தில் மேலே போகலாம் என்ற ஆசையில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் குறைந்த சம்பளத்துக்கு அங்கே வந்தார்கள். என்பிஏ சொந்த லீக் தொடங்கப்போவதாக அறிவித்ததுமே அந்த ஆசை வேறு திசைக்குப் போய்விட்டது. தாமஸ் விற்றிருந்தால் ஊழியர்களுக்கும் வீரர்களுக்கும் சம்பளமாவது ஒழுங்காக வந்திருக்கும். சிபிஏ சிபிஏவாகவே இருந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சில அணிகள் சேர்ந்து அதை மறுபடி எழுப்பி 2009 வரை ஓட்டின. 2006லேயே டகோட்டா, ஐடஹோ, சூ ஃபால்ஸ் மூன்றும் என்பிஏவின் லீக்குக்குத் தாவிவிட்டன.

பயிற்சியாளர் நிக் நர்ஸ் என்பிஏவின் அந்தக் கிளை லீக்கிலிருந்துதானே வந்தார் என்பீர்கள். ஆமாம், 2019இல் டொராண்டோவுக்குக் கோப்பையே வாங்கித் தந்தார். நல்ல பயிற்சியாளர் எங்கிருந்தும் வருவார். என் குறை வேறு. சூ ஃபால்ஸ் ஸ்கைஃபோர்ஸ் இன்றும் ஆடுகிறது, மயாமி ஹீட்டின் கிளை அணியாக. இந்தப் பையனை ஏன் இன்று இறக்கவில்லை என்று உள்ளூர் ரசிகர் கேட்டால், பதில் மயாமியிலிருந்துதான் வர வேண்டும்.