எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, புக்கிங்தான் ஆகல!

சர்வரைக் கண்காணிக்க டூல் தேடும் முதலாளிகள் எல்லோரும் ஏன் டாஷ்போர்டு அழகையே பார்க்கிறார்கள்? எத்தனை கிராஃப், எத்தனை கலர், ஆபீஸ் சுவரில் மாட்டிய டிவியில் எடுப்பாகத் தெரியுமா? இதைத்தான் கேட்கிறார்கள். சைட் படுத்தால் யாருக்கு, எப்போது தெரியும் என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. வயிறு எரிகிறது.

ஏற்காட்டில் மே மாத சீசன். ஒரு ஹோம்ஸ்டேக்காரர் அங்கே ஒண்டிக்கடை பக்கமிருந்து போன் செய்கிறார்: "என்னங்க, காலைல இருந்து ஒரு புக்கிங்கும் வரலைங்க, பணம் கட்டுற இடத்துலயே நின்னுடுதுங்க." டாஷ்போர்டைப் பார்த்தால் ஒரே பச்சை! 'சர்வர் இருக்கியா?' என்று கேட்கும் பிங்குக்குப் பதில் வருகிறது. முகப்புப் பக்கம் கேஷிலிருந்து (cache, ஏற்கெனவே எடுத்து வைத்த நகல்) வருவதால் அதுவும் 200, அதாவது 'எல்லாம் சரி' என்கிறது. உள்ளே சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் லாக் ஃபைல் வளர்ந்து டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நிற்கிறது. இத்தனை காசு கொடுத்து வாங்கிய டூல் இருக்க, வாடிக்கையாளர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா?

அதே டூல் ராத்திரி முழுக்க சிபியு 80 சதவீதம், சிபியு 80 சதவீதம் என்று கத்தும். பேக்கப் ஓடினால் சிபியு ஏறத்தான் செய்யும், அதற்கு எதற்கு ஆளை எழுப்ப வேண்டும்? புலி வருது புலி வருது என்று கத்திக் கத்தி, நிஜமாகவே டிஸ்க் நிரம்பும் அன்றைக்கு வரும் அலர்ட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அலர்ட்டைப் பார்க்காமல் தூங்கிப்போன நைட் டியூட்டி பையனைத் திட்டி என்ன பிரயோஜனம்?

நல்ல கருவிகள் இல்லாமல் இல்லை. நாகியோஸ் என்ற கண்காணிப்பு டூல் 1999-லிருந்து இருக்கிறது. 2012-ல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத்தள நிறுவனத்தில் தொடங்கிய பிராமிதியஸ் என்ற டூல் இலவசம். அதோடு பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர் என்ற துணை டூலைச் சேர்த்தால், பக்கத்தில் வர வேண்டிய வார்த்தை வருகிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கும். சைட்டைப் பாதுகாப்பானது என்று காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழ் முடிய எத்தனை நாள் என்றும் சொல்லும். சிபியு தொடர்ந்து பத்து நிமிஷம் ஏறி நின்றால் மட்டும் கூப்பிடு என்று விதி எழுதலாம். ஆனால் இலவசம் என்றதும் சேலத்தில் பாதிப் பேருக்கு முகம் சுருங்குகிறது!

சரி, நிறுவினார்கள் என்றே வையுங்கள். கண்காணிக்கும் டூலையும் அதே சர்வரிலேயே போடுகிறார்கள். சர்வர் விழுந்தால் அதுவும் சேர்ந்து விழும், அப்புறம் யார் சொல்வது? பிராமிதியஸில் எதையும் மாற்றாமல் விட்டால் தரவு 15 நாள்தான் தங்கும். போன வருஷ சீசனில் எவ்வளவு கூட்டம் வந்தது, இந்த சீசனுக்கு சர்வரின் ராம் (மெமரி) போதுமா என்று கேட்டால் காலி கிராஃபைத்தான் காட்ட முடியும்.

அடுத்த முறை டூல் விற்க யாராவது சேலம் ஐந்து ரோடு பக்கம் லேப்டாப்போடு வந்தால், கலர் கிராஃப் காட்ட விடாதீர்கள். டெஸ்ட் சர்வரில் டேட்டாபேஸை நிறுத்துங்கள், டிஸ்க்கை நிரப்புங்கள். யார் போன், எத்தனை நிமிஷத்தில் அடிக்கிறது என்று பாருங்கள். அடிக்கவில்லையா, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.