எட்டாம் நம்பர் பாயிண்ட்தான் வேணுமா?

மாடல் ரயிலுக்கு எந்தப் பாயிண்ட் (தடம் இரண்டாகப் பிரியும் அமைப்பு) போடலாம் என்ற பேச்சில், "மதுரை ஜங்ஷன்ல 1-க்கு 12 பாயிண்ட்தான், அதனால மாடலிலும் எட்டாம் நம்பருக்குக் கீழே போட்டா தடம் புரளும்" என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். இது சரியில்லை அண்ணே. 1-க்கு 12 (12 அடி நீளத்துக்கு 1 அடி விலகுவது; எட்டாம் நம்பர் என்றால் 1-க்கு 8) பயணிகள் ரயில் ஓடும் தடத்துக்கு. கூட்ஸ் யார்டுகளில் 1-க்கு 8.5 சர்வசாதாரணம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு வேண்டியது மதுரை கூடல்நகர் கூட்ஸ் ஷெட் மாதிரி ஆறடிப் பலகையில் ஷண்டிங் (வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை). அதில் எட்டாம் நம்பர் போட்டால் பாயிண்டே இடத்தைத் தின்றுவிடும், வேகன் நிறுத்த எங்கே போவது? எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) பாக்ஸ்என் சரக்கு வேகன் ஏறக்குறைய 12 செ.மீ.தான். நாலாம் நம்பரோ, பெக்கோ கம்பெனியின் 24 அங்குல ஆரச் சின்ன பாயிண்டோ தாராளம். அவர்களுடைய ஸ்ட்ரீம்லைன் கோட் 100 தண்டவாள வரிசையில் சின்னது, பெரியது இரண்டுமே 12 டிகிரிதான் பிரியும். சின்ன பாயிண்டில் நீளப் பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளும்போதுதான் சிக்கல்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ஃபிராக், அதாவது பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் V வடிவ இடம். பிளாஸ்டிக் ஃபிராக் மேல் நாலு சக்கரக் குட்டி எஞ்சின் மெதுவாக ஏறினால் கரண்ட் விட்டுப் பொசுக்கென்று நிற்கும், விரலால் தள்ளணும். எலக்ட்ரோஃபிராக் (கரண்ட் பாயும் உலோக ஃபிராக்) வாங்குங்க. ஃபிராக்கிலிருந்து வரும் உள்தண்டவாளம் இரண்டிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (கரண்டைத் தடுக்கும் இணைப்பு) போட மறக்காதீங்க, இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும்.