நூறு மார்க் அபராதம்

"கலையை வேற, கலைஞனை வேற பார்க்கணும் சார்"னு யாராச்சும் ஆரம்பிச்சாலே எனக்கு அர்னோ பிரேக்கர் ஞாபகம் வந்துடும். ஹிட்லருக்கு ரொம்பப் புடிச்ச சிற்பி. 1900ல பொறந்த ஆளு, அப்பா கல்தச்சர், கைவேலைல குறையே சொல்ல முடியாது. 1927ல பாரிஸ் போய் உக்காந்து, மயோல் மாதிரி பெரிய சிற்பிங்களோட எல்லாம் பழகிட்டு இருந்தவன், ஹிட்லர் ஆட்சிக்கு வந்தப்புறம் ஜெர்மனிக்குத் திரும்புறான் பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது.

1935ல மாக்ஸ் லீபர்மான்ங்கிற யூத ஓவியர் இறந்தப்ப அவர் முகத்துல அச்சு எடுத்ததும் இதே ஆள்தான். அடுத்த வருஷம் பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி மெடல் (அப்பல்லாம் சிற்பத்துக்கும் மெடல் உண்டு), 1937ல நாஜி கட்சில சேர்ந்தாச்சு, 1939ல ஹிட்லரோட புது சான்சலரி (அவரோட ஆட்சி அலுவலகம்) முற்றத்துல ரெண்டு ஆம்பளைச் சிலை. ஒருத்தன் கைல தீப்பந்தம், அவன் பேரு கட்சி. இன்னொருத்தன் கைல வாள், அவன் ராணுவம். ஃபோட்டோ தேடிப் பாருங்க, உடம்பு பூரா சதை முறுக்கிக்கிட்டு நிக்கும், முகத்துல ஒண்ணுமே இருக்காது. 1940ல புடிச்ச பாரிஸை ஹிட்லர் சுத்திப் பார்க்கப் போனப்ப ஈஃபிள் டவர் முன்னாடி ஒரு ஃபோட்டோ இருக்குல்ல, அதுல பக்கத்துல நிக்கிறதும் நம்மாள்தான்.

அதே காலத்துல எர்ன்ஸ்ட் பார்லாக்னு இன்னொரு சிற்பி. முதல் உலகப் போர்ல செத்தவங்க நினைவா ஜெர்மனில குஸ்த்ரோங்கிற ஊர் சர்ச்சுல அந்தரத்துல மிதக்குற மாதிரி ஒரு வெண்கல தேவதை செஞ்சு தொங்கவிட்டிருந்தார், கண்ண மூடிக்கிட்டு, வாய்ப்பேச்சே இல்லாம. முகம் கேத்தே கோல்விட்ஸ்ங்கிற பெண் கலைஞர் ஜாடை, அந்தம்மாவையும் நாஜிங்க 1933லயே கலை அகாடமிய விட்டு வெளிய தள்ளிட்டாங்க. 1937ல தேவதையக் கழட்டி எடுத்து அப்புறம் உருக்கியே போட்டாங்க. மறுவருஷம் பார்லாக்கும் போய்ச் சேர்ந்துட்டார்.

பிரேக்கருக்கு வக்காலத்து வாங்குறவங்க உடனே தினா வியெர்னிய இழுப்பாங்க. மயோலோட மாடல், யூதப் பொண்ணு, பாரிஸ்ல ஜெயில்ல கெடந்தப்ப மயோல் கேட்டு பிரேக்கர்தான் வெளிய கொண்டு வந்தான். உண்மைதான், நான் மறுக்கல. ஆனா யோசிங்க, ஒரு வார்த்தை சொன்னா ஜெயில் கதவு தெறக்கும்னா அந்த வார்த்தைக்கு எவ்வளவு வெயிட் இருந்துருக்கணும்? உள்ள இருந்தா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்னு தெரியாமலா காப்பாத்துனான்? "நான் வெறும் கலைஞன், அரசியல் தெரியாது"ங்கற கதைய அந்த நல்ல காரியமே பொய்யாக்கிடுது. அவன் பெரிய பட்டறைல போர்க்கைதிங்களை வச்சு வேலை வாங்குனதும் இருக்கு.

1948ல, நாஜி ஆளுங்க மேல நடந்த விசாரணைல இவன் கேஸும் வந்துச்சு. தீர்ப்பு என்னன்னா, இவன் நாஜிங்களோட சும்மா 'கூடப் போனவன்'. அபராதம் 100 மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்). அந்த வருஷம் பணத்த மாத்துனப்ப தலைக்கு 40 மார்க் மொதல்ல கைல குடுத்தாங்க, ரெண்டரை ஆளோட பங்கு, அவ்வளவுதான் கணக்கு! அப்புறம் பழையபடி ஆர்டர், பெரிய மனுஷங்க தலைச் சிலை, ஓவியர் டாலிக்குக்கூட ஒண்ணு. 1991 வரைக்கும், 90 வயசு வாழ்ந்தான்.

பார்லாக்கோட தேவதைய நண்பர்கள் ரகசியமா இன்னொண்ணு வார்த்து ஒளிச்சு வச்சிருந்தாங்க, அது இப்ப கொலோன்ல அன்டோனிட்டர் சர்ச்சுல தொங்குது. போருக்கப்புறம் பிரேக்கர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை செஞ்சதும் அதே கொலோன்லதான். ஜெர்மனில இருக்கற ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் அந்தப் பக்கம் போனா தேவதைய மட்டும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கப்பா.