மேலே காய்ந்திருந்தால் போதாது

சிங்கப்பூரில் வெளிப்பாறை ஏறுகிற எங்களில் பலருக்கு டைரி ஃபார்ம் பழைய கல்குவாரிதான் பள்ளிக்கூடம். அது கிரானைட். மழை விட்டு வெயில் வந்ததும் துடைத்துவிட்டு ஏறிவிடுவோம். ஆண்டில் 160 நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊரில் வேறென்ன செய்வது? அதே பழக்கத்தோடு சிட்னி பக்கம் ப்ளூ மவுன்டன்ஸுக்குப் போய் நிற்கிறோமே, அதுதான் என் கவலை. அங்கே இருப்பது மணற்கல்.

போன முறை என் தங்கை மகளோடு போயிருந்தேன். முந்தைய நாள் நல்ல மழை. காலையில் பாறை பளிச்சென்று இருந்தது. “பெரியம்மா, காஞ்சுதானே இருக்கு? எட்டு மணி நேரம் பறந்து வந்திருக்கோம்!” என்றாள். குனிந்து பாறையடி மண்ணைத் தோண்டிக் காட்டினேன். மேலே மாவாக உதிர்ந்த மண், விரல் ஆழத்தில் ஈரமாகக் கையில் ஒட்டியது. பாறைக்குள்ளும் அப்படித்தான் இருக்கும்.

மணலை மணலோடு பிடித்து வைத்திருப்பதில் களிமண்ணும் உண்டு. நீர் இறங்கினால் அது இளகிவிடும். ஈரத்தில் பாதிக்கு மேல் வலுவிழக்கிற மணற்கல்கூட இருக்கிறது. பிடி உடையும், கயிற்றை மாட்டப் பாறையில் துளைத்துப் பதித்த போல்டைச் சுற்றியுள்ள கல்லும் தளரும். அன்று பக்கத்து ஸ்லாபில், அதாவது சாய்வான வழவழப்புப் பாறையில், ஒருவர் மிதித்த விளிம்பு பிஸ்கட் மாதிரி உடைந்து விழுந்தது. ஐம்பது காசு அகலம்தான் இருக்கும். ஆனால் ஸ்லாபில் கால் வைக்க இருப்பதே அப்படி ஒன்றிரண்டு விளிம்புதானே! இனி அங்கே வருகிற யாருக்கும் அது கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் ஏறாமலே திரும்பினோம்.

அப்புறம் கயிறு. மணல் ஏறிய கயிறு அரம் மாதிரி. உச்சியில் பதித்த வளையத்தில் நேரடியாகக் கயிற்றைப் போட்டு ஆளுக்கு ஆள் ஏறி இறங்கினால், வளையம் தேய்ந்து பள்ளம் விழும். யாரோ கைக்காசு போட்டு, வெயிலில் தொங்கித் துளை போட்டு மாட்டியது அது. உங்கள் சொந்த குயிக்டிராக்களில் (இரு முனையிலும் கொக்கி வைத்த பட்டை) கயிற்றைப் போடுங்கள். கடைசியாக இறங்குபவர் மட்டும் வளையத்தைப் பயன்படுத்தட்டும். கை வழுக்காமலிருக்கப் பூசுகிற சாக் தூள் பாறையில் ஒட்டியிருந்தால், அதை மென்மையான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வாருங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், கல்லையே சுரண்டிவிடும்.

அடுத்த பயணத்துக்கு ஏழு நாள் டிக்கெட் போட்டிருக்கிறோம். அதில் மூன்று நாள் பாறை காய்வதற்கு. கணக்குப் போட்டது தங்கை மகள்தான்.